எலெக்ட்ரிக் கிட்டார் காதைக் குத்துகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர், அவற்றின் சாயலில் வரும் விலை குறைந்த கிட்டார்கள் என எதை வைத்திருந்தாலும், ஒரு கட்டத்தில் எல்லோரும் சொல்லும் புகார் இது: பிரிட்ஜ் பிக்அப்பில், அதாவது கம்பிகள் முடியும் பிரிட்ஜை ஒட்டி அவற்றின் அசைவை மின்சாரமாக மாற்றும் காந்தச்சுருளில், வாசித்தால் சத்தம் கீச்சென்று காதில் இறங்குகிறது. புகாரோடு சேர்ந்தே "எந்த பிக்அப் வாங்கிப் போடலாம்?" என்ற கேள்வியும் வந்துவிடும். அவசரப்பட வேண்டாம். கம்பி, பிக், பிக்அப், நாப், கேபிள், பெடல், ஆம்ப், ஸ்பீக்கர் என்று சத்தம் பல கை மாறித்தான் காதுக்கு வருகிறது. எந்த இடத்தில் கூடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. காசு செலவழிக்க வேண்டிய இடம் பெரும்பாலும் பிக்அப்பாக இருக்காது.

முதலில் எதைத் தொட வேண்டும்?

கிட்டாரின் டோன் நாபை. சிரிக்க வேண்டாம். வாங்கிய நாளிலிருந்து அதை 10-லேயே வைத்திருப்பவர்கள் ஏராளம். 10-லிருந்து 7-க்கு இறக்கி ஒரு பாட்டு முழுக்க வாசித்துப் பாருங்கள். பிறகு வால்யூம் நாபை 8-க்குக் கொண்டுவந்து, குறைந்த சத்தத்தை ஆம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்த இரண்டிலேயே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால், பெடல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கிட்டாரை ஒரே கேபிளில் நேராக ஆம்பில் சொருகிக் கேளுங்கள். அப்போதும் குத்தினால் கிட்டாரிலோ ஆம்பிலோ காரணம் இருக்கிறது. குத்தவில்லை என்றால் பெடல் போர்டில் தேடுங்கள்.

"ட்ரெபிள் அதிகம்" என்கிறோமே, அது எந்தச் சத்தம்?

ட்ரெபிள் என்றால் மேல் அலைவரிசைச் சத்தம், பேஸ் என்றால் கீழ். ட்ரெபிளில் இரண்டு விதமான குத்தல் உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒன்று, க்ளீன் டோனில் மெல்லிய கம்பிகளைத் தட்டும்போது ஊசி போல வருவது. இது பெரும்பாலும் 2-லிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் ஏறக்குறைய இதே இடத்தைத்தான், குறிப்பாக 3, 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம். அதனால் அளவில் கொஞ்சம் கூடினாலும் காதுக்கு நிறையக் கூடியதாகத் தெரியும்.

இன்னொன்று, டிஸ்டார்ஷன் (சத்தத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) போட்டதும் மேலே படரும் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல். இது 5, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும். நிஜமான கிட்டார் ஸ்பீக்கர் அந்த இடத்தைத் தானாகவே வெட்டிவிடும். நேராக மிக்சரிலோ ஹெட்போனிலோ போகும்போதுதான் இது முழுசாக வெளியே தெரியும்.

முதல் வகைக்கு இரண்டாவதற்கான வைத்தியம் செய்தால் சத்தம் மந்தமாகும், குத்தல் மட்டும் அப்படியே நிற்கும். "ட்ரெபிளை எவ்வளவு குறைத்தும் சரியாகவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

டோன் நாபைக் குறைத்தால் சத்தம் மொத்தமாகச் செத்துப்போகிறதே?

0-க்குப் போனால் அப்படித்தான் ஆகும். நாபின் பயன் 10-க்கும் 5-க்கும் இடையில்தான் இருக்கிறது. ஏன் என்று தெரிந்தால் அதைப் பயமில்லாமல் திருப்பலாம்.

பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பிச்சுருள். அதற்கு இண்டக்டன்ஸ் உண்டு. கேபிளுக்குக் கெபாசிட்டன்ஸ் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் சத்தம் மேடு கட்டும். அதற்கு மேலே செங்குத்தாக இறங்கிவிடும். கிட்டாருக்கு 'பளிச்' என்ற குணத்தைக் கொடுப்பது அந்த மேடு. டோன் நாபை 10-லிருந்து 7, 6 வரை இறக்கும்போது முதலில் நடப்பது அந்த மேடு தட்டையாவதுதான், ட்ரெபிள் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. இன்னும் இறக்கினால்தான் உண்மையிலேயே மேல்பகுதி வெட்டுப்படும். கடைசியில் 0-ல், டோன் நாபோடு இணைத்திருக்கும் பெரிய கெபாசிட்டர் முழுசாகச் சேர்ந்து, மேடு 1 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விடும். அதுதான் நீங்கள் சொல்லும் 'செத்த' சத்தம்.

ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். சில அமெரிக்க ஃபெண்டர் மாடல்களில் 'நோ-லோட்' டோன் பாட் இருக்கும் (பாட் என்பது நாபுக்கு அடியில் உள்ள, திருப்பத் திருப்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் பாகம்). 10-க்குப் போகும்போது விரலில் சின்னதாக ஒரு க்ளிக் தட்டுப்படும். அந்த இடத்தில் டோன் சர்க்கியூட் முழுக்கத் துண்டித்துவிடுவதால் சத்தம் இன்னும் கூர்மையாகும். க்ளிக்குக்கு முன்னாலேயே நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் பிக்அப்புக்கு டோன் நாப் வேலையே செய்யவில்லை. கிட்டார் பழுதா?

பழுது இல்லை. 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பழைய வயரிங்கே அப்படித்தான். இரண்டு டோன் நாபில் ஒன்று நெக் (கழுத்துப் பக்க) பிக்அப்புக்கு, மற்றது நடு பிக்அப்புக்கு. மூன்றிலும் அதிகமாகக் குத்தும் பிரிட்ஜ் பிக்அப்புக்கு ஒன்றுமே கிடையாது! இன்றைய பல மாடல்களில் இதைத் திருத்திவிட்டார்கள். ஆனால் பழைய வயரிங்கை அப்படியே பின்பற்றும் கிட்டார்கள் இன்னும் நிறைய விற்கின்றன.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஸ்விட்சைப் பிரிட்ஜ் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு டோன் நாபையும் ஒவ்வொன்றாக 0-க்கு இறக்குங்கள். எதிலும் சத்தம் மாறவில்லை என்றால் உங்களுடையது பழைய வயரிங்.

திருத்த ஒரு சின்னத் துண்டு வயரும் சால்டரிங் அயர்னும் போதும். முன்பக்கம் திருகியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டை (பிக்கார்டு) திறந்து ஐந்து நிலை ஸ்விட்சைப் பாருங்கள். ஒரு பக்கம் பிக்அப் வயர்கள் வந்து சேரும், இன்னொரு பக்கத்திலிருந்து டோன் பாட்டுகளுக்கு வயர் போகும். டோன் பக்கத்தில் பிரிட்ஜுக்கு உரிய கால் எதுவும் இணைக்காமல் காலியாக இருக்கும். பக்கத்தில் உள்ள நடு பிக்அப்பின் டோன் காலுக்கும் இந்தக் காலிக் காலுக்கும் ஒரு பாலம் போடுங்கள். இனி இரண்டாவது டோன் நாப் நடு பிக்அப்புக்கும் பிரிட்ஜுக்கும் சேர்ந்தே வேலை செய்யும். சால்டரிங் வராதவர்கள் எந்த ரேடியோ, டிவி மெக்கானிக்கிடம் காட்டினாலும் கொஞ்ச நேரத்தில் முடித்துக் கொடுப்பார். ஸ்ட்ராட் வைத்திருப்பவர் செய்யக்கூடிய மாற்றங்களில் செலவுக்கு இவ்வளவு பலன் தருவது வேறொன்று எனக்குத் தெரியாது.

டெலிகாஸ்டர் மட்டும் ஏன் இவ்வளவு கூர்மை?

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று செய்த கிட்டார் அது. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டாருக்கு முன்னால் அவர் செய்தது ஸ்டீல் கிட்டார்களும் ஆம்புகளும். பிராஸ், டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே துளைத்துக்கொண்டு வெளியே வரும் ஸ்டீல் கிட்டார் சத்தமே அவருடைய வாடிக்கையாளர்களுக்குப் பிடித்திருந்தது. 1950-ல் பிராட்காஸ்டர் என்று வந்து, 1951-ல் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறிய கிட்டாரில் அந்த ருசி அப்படியே இருக்கிறது.

பிரிட்ஜ் பிக்அப் கம்பியின் முனைக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே கம்பியின் அடிப்படை சுரத்தின் அசைவு மிகக் குறைவு, அதனால் ஹார்மோனிக்குகள் ஒப்பீட்டில் தூக்கலாகத் தெரியும். போதாததற்கு பிக்அப்பைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள், மெல்லிய கம்பிகள் பக்கம் பிரிட்ஜை இன்னும் நெருங்கும்படி. சுற்றிலும் இரும்புத் தகடு வேறு.

அன்றைய ஆம்புகளும் ஸ்பீக்கர்களும் மேல் அலைவரிசையை இன்று போலத் தரவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1960-களில் பிரிட்டனில் ட்ரெபிளைக் கூட்டுவதற்கென்றே ரேஞ்ச்மாஸ்டர் மாதிரிப் பெட்டிகள் விற்றன. நாம் குறைக்கப் பாடுபடுவதை அவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்!

250கே, 500கே பாட் என்கிறார்களே, அதில் வித்தியாசம் தெரியுமா?

தெரியும், நன்றாகவே தெரியும். வால்யூம் பாட்டின் மதிப்பு கூடினால் பிக்அப்பின் மேல் சுமை குறையும், நான் மேலே சொன்ன மேடு உயரும், சத்தம் பளிச்சிடும். அதனால்தான் ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்அப்புக்கு 250 கிலோ ஓம், இரண்டு சுருள் உள்ள ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்று வழக்கம். 1958-ல் வந்த ஜாஸ்மாஸ்டரில் 1 மெகா ஓம் பாட் போட்டார்கள், அதன் வெளிச்சத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

எச்எஸ்எஸ் கிட்டார்களில்தான், அதாவது பிரிட்ஜில் ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடத்தில் சிங்கிள் காயிலும் உள்ளவற்றில், தொல்லை வருகிறது. ஹம்பக்கருக்காக 500கே போட்டுவிடுவார்கள். ஹம்பக்கர் நன்றாக இருக்கும், நெக்குக்கு மாற்றினால் கண்ணாடி உடைகிற சத்தம் வரும். பாட்டை மாற்ற வேண்டியதில்லை. 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை, ஸ்விட்சில் அந்த சிங்கிள் காயில் வந்து சேரும் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் வைத்தால், அந்த பிக்அப் மட்டும் 500கே பாட்டைச் சுமார் 242 கிலோ ஓமாகப் பார்க்கும். ஹம்பக்கர் தனியாக ஓடும்போது அதற்கு ஒரு மாற்றமும் இல்லை. ரெசிஸ்டரின் விலை ஒரு டீக்குக் கூட வராது. கலர் பட்டை மஞ்சள், ஊதா, மஞ்சள் என்று இருக்கும்.

டோன் கெபாசிட்டரை மாற்றினால் குத்தல் குறையுமா?

பலர் நினைக்கிற அளவுக்கு இல்லை. நாப் 10-ல் இருக்கும்போது 0.022 மைக்ரோஃபாரட்டா 0.047-ஆ என்பது ஏறக்குறைய தெரியவே தெரியாது, கெபாசிட்டருக்கு முன்னால் பாட்டின் முழு ரெசிஸ்டன்ஸ் நிற்கிறது அல்லவா. நாபை இறக்க இறக்கத்தான் மதிப்பு பேச ஆரம்பிக்கும். எண்ணெயில் ஊறிய பழைய கெபாசிட்டர் என்று பெரிய விலைக்கு விற்பார்கள். மதிப்பு ஒன்றாக இருந்தால் அதற்கும் பச்சை நிற பாலியெஸ்டருக்கும் கிட்டாரில் வித்தியாசம் கேட்காது என்பதே என் கருத்து.

ஆனால் மதிப்பைச் சிறியதாக மாற்றுவதில் பலன் இருக்கிறது. 0.047-க்குப் பதில் 0.01 அல்லது 0.0033 மைக்ரோஃபாரட் போட்டால், நாபை 0 வரை இறக்கினாலும் சத்தம் சாகாது. மேல்முனை மட்டும் மழுங்கும். நாபின் முழு ஓட்டமும் பயன்படும். பிரிட்ஜ் பிக்அப்பை மட்டும் பணிய வைக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

வாங்கும்போது கடைக்காரரிடம் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: 104 என்றால் 0.1, 473 என்றால் 0.047, 223 என்றால் 0.022, 103 என்றால் 0.01, 332 என்றால் 0.0033 மைக்ரோஃபாரட். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. நாலைந்து மதிப்பு சேர்த்து வாங்கி, முதலைவாய் கிளிப் வைத்த வயரில் வெளியிலேயே மாட்டிக் கேட்டு, பிடித்ததை மட்டும் சால்டர் செய்யலாம்.

வால்யூமைக் குறைத்தால் இன்னும் மெலிந்து கீச்சிடுகிறது. ஏன்?

உங்கள் கிட்டாரில் ட்ரெபிள் ப்ளீட் இருக்கிறது. வால்யூம் பாட்டின் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு சின்னக் கெபாசிட்டர், சில நேரம் அதோடு ஒரு ரெசிஸ்டர். வழக்கமான வயரிங்கில் வால்யூமைக் குறைத்தால் ட்ரெபிளும் கொஞ்சம் சேர்ந்து போகும். அது போகக் கூடாது என்பவர்களுக்காகச் செய்த ஏற்பாடு இது. நமக்கோ அது போனால்தான் நல்லது. கெபாசிட்டரின் ஒரு காலை மட்டும் விடுவித்துவிடுங்கள். வேண்டுமென்றால் பிறகு திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். இதன் பிறகு வால்யூம் நாபே உங்களுக்கு இரண்டாவது டோன் நாபாகிவிடும்.

கேபிள் நீளத்துக்கும் டோனுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, அதுவும் கணக்குப் போட்டுக் காட்டும் அளவுக்கு. சாதாரணக் கிட்டார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பைகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் இருக்கும். ஸ்ட்ராட் பிக்அப்பின் இண்டக்டன்ஸைச் சுமார் 2.4 ஹென்றி என்று வைத்து, பிக்அப்பின் உள்ளேயும் ஆம்பின் வாசலிலும் உள்ள கெபாசிட்டன்ஸுக்கு 200 பைகோஃபாரட் சேர்த்தால், 3 மீட்டர் கேபிளில் மேடு 4.6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். 6 மீட்டரில் 3.6. 10 மீட்டரில் 3. அதற்கு மேலே உள்ளதெல்லாம் வேகமாகச் சரிந்துவிடும். 1960-களில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போன்றவர்கள் பயன்படுத்திய சுருள் கேபிள் நீளமும் கெபாசிட்டன்ஸும் கூடியது. அந்தக் காலத்து ஸ்ட்ராட் சத்தத்தில் கேபிளுக்கும் பங்கு உண்டு.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். வயர்லெஸ் வாங்கியதும், அல்லது போர்டின் முதல் இடத்தில் பஃபர் (கேபிளின் சுமை பிக்அப் மேல் விழாமல் பிரிக்கும் சர்க்கியூட்) உள்ள பெடல் வைத்ததும், "திடீரென்று கிட்டார் குத்துகிறது" என்பார்கள். கேபிளின் சுமை போய்விட்டது, மேடு 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஏறிவிட்டது, அவ்வளவுதான். சில வயர்லெஸ் கருவிகளில் கேபிள் டோன் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போடுங்கள். இல்லையென்றால் கிட்டாரின் அவுட்புட் ஜாக்கில் 470 பைகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை, அதாவது 471 என்று எண் போட்டதை, இரண்டு காலுக்கும் குறுக்கே ஒட்டினால் சுமார் ஐந்து மீட்டர் கேபிள் திரும்பி வந்த மாதிரி இருக்கும்.

எல்லாக் கிட்டாருக்கும் இது ஒத்துப்போகாது. மேடு 3 கிலோஹெர்ட்ஸில் வந்து உட்கார்ந்தால் கீச்சு போய், மூக்கால் பாடுகிற குரல் வந்துவிடும். ஒட்டுவதற்கு முன் கிளிப்பில் மாட்டிக் கேளுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

ஆம்பில் எப்படி வைப்பது?

முதலில் 'பிரைட்' ஸ்விட்ச் இருந்தால் அணையுங்கள். அது என்ன செய்கிறது என்றால், வால்யூம் பாட்டைச் சுற்றி ஒரு குட்டிக் கெபாசிட்டர் வழியாக ட்ரெபிளை மட்டும் குறுக்கு வழியில் அனுப்புகிறது. வால்யூம் குறைவாக இருக்கும்போது அதன் ஆட்டம் அதிகம். வால்யூமை ஏற்ற ஏற்ற மறைந்துவிடும். வீட்டில் 2-ல் வைத்து வாசிப்பவருக்குக் குத்துவதும், மேடையில் 6-ல் வைப்பவருக்குக் குத்தாததும் இதனால்தான். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்பின் வைப்ரேட்டோ சேனலில் 47 பைகோஃபாரட் கெபாசிட்டர் ஸ்விட்ச் இல்லாமலே நிரந்தரமாக இருக்கிறது. பக்கத்தில் உள்ள நார்மல் சேனலில் அது கிடையாது. ரிவெர்ப் போனால் பரவாயில்லை என்பவர்கள் அங்கே சொருகிப் பார்க்கலாம்.

வால்வ் ஆம்பைத் திறந்து அந்தக் கெபாசிட்டரை வெட்டச் சொல்லும் யோசனைகள் சுற்றுகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும், உயிருக்கு ஆபத்து. அதைச் செய்யத் தெரிந்த டெக்னீஷியனிடம் மட்டுமே கொடுங்கள்.

அடுத்து நாப்கள். ட்ரெபிளைக் குறைப்பதை விட மிட்டை (நடு அலைவரிசையை) கூட்டுவது பல நேரம் நல்ல பலன் தரும். ஃபெண்டர் வகை ஆம்பில் நடுப்பகுதி இயல்பாகவே குழி விழுந்திருக்கும், குழிக்கு மேலே ட்ரெபிள் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ட்ரெபிள் 4, மிட் 7, பேஸ் 4 என்று தொடங்குங்கள். மேல்முனையை இன்னும் தூக்கும் பிரசென்ஸ் நாப் இருந்தால் அதை 0-க்கு இறக்கிவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். வாக்ஸ் ஏசி30-ல் 'கட்' என்று ஒரு நாப் உண்டு. வலப்பக்கம் திருப்பினால் ட்ரெபிள் குறையும். கூடும் என்று நினைத்து எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அவதிப்படுபவர்கள் உண்டு.

வீட்டில் நன்றாக இருந்தது, மேடையில் ஏன் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்?

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது.

முதலாவது காதின் குணம். மெதுவான சத்தத்தில் நம் காதுக்குப் பேஸ் சரியாகக் கேட்காது, மேல்முனையும் மங்கும். சத்தம் கூடினால் இந்த வித்தியாசம் குறையும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். இரவில் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் வாசிக்கும்போது இனிமையாக இருக்கட்டும் என்று பேஸையும் ட்ரெபிளையும் தூக்கி வைத்தீர்கள் என்றால், மேடையில் அதே செட்டிங் அடி கனமாகவும் மேலே கத்தியாகவும்தான் கேட்கும். மேடைக்கான டோனை மேடைச் சத்தத்தில்தான் வைக்க வேண்டும், வேறு வழியில்லை.

இரண்டாவது ஸ்பீக்கர். 12 அங்குல ஸ்பீக்கர் கீழ் சுரங்களை நாலா பக்கமும் பரப்பும். 2 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் டார்ச் அடித்த மாதிரி நேர் எதிரே மட்டும் பாய்ச்சும். உங்கள் ஆம்ப் தரையில் இருக்கிறது, நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். டார்ச் உங்கள் முழங்காலில் படுகிறது. "பளிச்சென்றே இல்லையே" என்று ட்ரெபிளை ஏற்றுகிறீர்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் தலைக்கு நேராக அது போய்ச் சேர்கிறது. ஆம்பை நாற்காலி மேல் தூக்கி வையுங்கள், அல்லது பின்பக்கம் சாய்த்து உங்கள் முகத்தைப் பார்க்க வையுங்கள். உங்களுக்கே குத்தினால் நீங்களே ட்ரெபிளைக் குறைத்துவிடுவீர்கள்.

ஸ்பீக்கர் கிரில்லுக்கு முன்னால், நடுவில் துளை விட்ட ஃபோம் வட்டம் ஒன்றை வைப்பவர்களும் உண்டு. ஓரத்திலிருந்து வரும் ட்ரெபிளை அது உறிஞ்சி, பாய்ச்சலைக் குறைக்கிறது. செலவில்லாத வேலை, செய்து பார்க்கலாம்.

ஆம்ப் இல்லாமல் ப்ராசஸரிலிருந்து நேராக மிக்சருக்குப் போகிறேன். கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது!

சர்ச்சிலும் மெல்லிசைக் கச்சேரியிலும் இப்போது பாதிப் பேர் இப்படித்தான் வாசிக்கிறார்கள். பிரச்சினையும் பெரும்பாலும் ஒன்றேதான்: கேபினெட் சிமுலேஷன், அதாவது கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைப் போலச் செய்யும் வசதி, அணைந்திருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே செங்குத்தாக விழுந்துவிடும். பிஏ ஸ்பீக்கரில், அதாவது ஹாலில் எல்லோருக்கும் கேட்க வைக்கும் ஸ்பீக்கரில், ட்வீட்டர் இருக்கிறது, அது 15 கிலோஹெர்ட்ஸ் தாண்டியும் விடாமல் பாடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் குப்பை எல்லாம் அதன் வழியாக வெளியே வருகிறது.

ப்ராசஸரின் அவுட்புட் அமைப்பில் 'ஆம்ப்' என்று இருந்தால் 'லைன்' அல்லது 'ஹெட்போன்' என்று மாற்றுங்கள். கேப் (கேபினெட்) அல்லது ஐஆர் (நிஜ ஸ்பீக்கரை மைக் வைத்துப் பதிந்த கோப்பு) பிளாக்கை இயக்குங்கள். அதன் பின்னால், மேல் அலைவரிசையை வெட்டும் ஹை கட் ஒன்றை 6 கிலோஹெர்ட்ஸில் வைத்து, கேட்டுக்கொண்டே 5 வரை இறக்குங்கள். ஐஆர் போடும்போது ஸ்பீக்கரின் நடு மூடிக்கு நேராக மைக் வைத்துப் பதிந்ததை விட்டுவிட்டு, ஓரமாக வைத்துப் பதிந்ததைத் தேர்ந்தெடுங்கள். தனி டிஸ்டார்ஷன் பெடல் மட்டும் வைத்திருந்தால், கேப் சிமுலேஷன் உள்ள டிஐ பாக்ஸ் (கிட்டாரை நேராக மிக்சரில் சேர்க்கும் பெட்டி) வாங்குவது பிக்அப் வாங்குவதை விட நூறு மடங்கு பிரயோஜனம்.

மிக்சரில் இருப்பவரிடம் "ஹை-யைக் குறைங்க அண்ணே" என்று மட்டும் சொன்னால் போதாது. பல சின்ன மிக்சர்களில் ஹை நாப் 10 அல்லது 12 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும். உங்களுக்குக் குத்துவது 3-ல். மிட் நாபின் அலைவரிசையை நகர்த்த முடிகிற மிக்சர் என்றால், அதை 3 பக்கம் கொண்டுபோய் இறக்கச் சொல்லுங்கள்.

பெடலில் சரிசெய்ய முடியாதா?

முடியும். அலைவரிசைகளை ஏழு பகுதியாகப் பிரித்துத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஏழு பேண்ட் ஈக்யூ ஒன்று போதும். பாஸ் ஜிஇ-7-ல் 3.2 கிலோஹெர்ட்ஸ் ஸ்லைடர் ஒன்றும் 6.4 கிலோஹெர்ட்ஸ் ஸ்லைடர் ஒன்றும் இருக்கின்றன. முன்னே சொன்ன இரண்டு வகைக் குத்தலும் இந்த இரண்டு ஸ்லைடரில் அடங்கிவிடும். 3.2-ஐ மூன்று, நான்கு டெசிபல் இறக்கி, 400-ஐயோ 800-ஐயோ கொஞ்சம் ஏற்றுங்கள். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் ஈக்யூ வைத்தால் டிஸ்டார்ஷனின் குணமே மாறும். பின்னால் வைத்தால் அது உண்டாக்கிய இரைச்சலை வெட்டும். கீச்சைக் குறைக்க டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வையுங்கள், 'ஸ்ஸ்ஸ்' சத்தத்தைக் குறைக்கப் பின்னால் வையுங்கள்.

ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவில் டிரைவை அடியில் வைத்து லெவலை ஏற்றினாலும் மிட் தூக்கிக்கொடுக்கும், குத்தல் அடங்கும். ராட் பெடல் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் டோனுக்குப் பதில் ஃபில்டர், வலப்பக்கம் திருப்பினால் ட்ரெபிள் குறையும்.

கம்பி, பிக் மாற்றினால்?

புதுக் கம்பி முதல் சில நாள் எப்படியும் கீச்சிடும். அந்த நாளில் டோனை முடிவு செய்யாதீர்கள். கடலோர ஊர்க்காரர்களுக்கு உப்புக் காற்றே அதை வேகமாகக் குறைத்துக் கொடுத்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கூர்மை, நிக்கல் பூசியது நடுத்தரம், ப்யூர் நிக்கல் மென்மை. பிக் விஷயத்தில், மெல்லியது 'டிக் டிக்' என்று தட்டும் சத்தத்தைச் சேர்க்கும். 1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான பிக்கை எடுத்து, கூர்முனைக்குப் பதில் உருண்ட தோள்பட்டைப் பக்கத்தால் வாசித்துப் பாருங்கள்.

பிறகு கை. பிக் படும் இடத்தைப் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து நெக் பக்கமாக நான்கு விரல் அகலம் நகர்த்தினால் ஏற்படும் மாற்றம், எந்தக் கெபாசிட்டரும் தராத மாற்றம். டெலிகாஸ்டரில் நன்றாக வாசிப்பவர்களின் வலது கையைக் கவனித்தால் அது ஒரே இடத்தில் நிற்பதே இல்லை என்று தெரியும்.

பிக்அப் உயரத்தைக் குறைக்கலாமா?

தாராளமாக. கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பாகத்துக்கும் பிக்அப்பின் காந்தத் தலைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். பழைய பாணி சிங்கிள் காயிலுக்கு ஃபெண்டர் சொல்லும் அளவு, தடித்த கம்பி பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பி பக்கம் 2 மில்லிமீட்டர். அங்கிருந்து மெல்லிய கம்பி பக்கத்தை மட்டும் அரை அரைத் திருகாக இறக்குங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், அடி விழும்போது உள்ள முரட்டுத்தனம் தணியும். குறைந்த சத்தத்தை ஆம்பில் ஏற்றிக்கொண்ட பிறகே ஒப்பிட வேண்டும்.

கடைசியாகக் கேட்கிறேன், பிக்அப்பை மாற்றலாமா வேண்டாமா?

மேலே உள்ளதெல்லாம் செய்தும் தீரவில்லை என்றால் மாற்றுங்கள். சுற்று கூடிய சிங்கிள் காயில் போட்டால் இண்டக்டன்ஸ் கூடும், மேடு கீழே இறங்கும். ஸ்ட்ராட் பிரிட்ஜ் பிக்அப்பின் அடியில் டெலியில் இருப்பது போல ஓர் இரும்புத் தகடு ஒட்டினாலும் சத்தத்துக்குச் சற்றுச் சதை பிடிக்கும். சிங்கிள் காயில் அளவிலேயே வரும் ஹம்பக்கரும் உண்டு. கிப்சனில் சேத் லவர் 1955-ல் ஹம்பக்கரை உருவாக்கியது ஹம் இரைச்சலை ஒழிப்பதற்காக. இரண்டு சுருளும் தொடராகச் சேர்வதால் இண்டக்டன்ஸ் ஏறி, கம்பியின் அகலமான பகுதியைக் கேட்பதால் மேல்முனை மழுங்கியது பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவுக்காகவே இன்று வாங்குகிறோம்.

ஆனால் டெலிகாஸ்டரில் ஹம்பக்கர் போட்ட பிறகு, "பழைய சத்தம் இல்லையே" என்று திரும்ப மாற்றுபவர்களும் உண்டு. எடுத்த பிக்அப்பை விற்றுவிடாதீர்கள்.

எவ்வளவு குறைத்தால் போதும்?

தனியாக வாசித்துப் பார்த்து முடிவு செய்தால் கட்டாயம் அதிகமாகக் குறைத்துவிடுவீர்கள். தனியாகக் கேட்கும்போது சற்றுக் கூர்மையாகத் தெரியும் டோன், பேஸும் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் சரியாக உட்காரும். தனியே தேனாக இருந்த டோன் பாண்டில் காணாமல் போய்விடும், அப்போது வால்யூமைக் கூட்டுவீர்கள், பாடுபவர் முறைப்பார். சிம்பல் ஓடும்போதும் பாடகர் மேல் ஸ்தாயியில் நிற்கும்போதும் கிட்டார் அவர்களோடு மோதுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ரிகர்சலில் ஒரு போனை ஹாலின் நடுவில் வைத்துப் பதிவு செய்து கேட்டால் தெரிந்துவிடும். போன் மைக் பேஸைச் சரியாகப் பிடிக்காது, ட்ரெபிள் தூக்கலாகவே பதியும். அதில் உங்கள் கிட்டார் மற்றவற்றை விட முன்னால் துருத்தினால் மட்டும் இன்னும் ஒரு புள்ளி குறையுங்கள்.

ரெக்கார்டிங்கில் மட்டும் குத்துகிறது, அறையில் சரியாக இருக்கிறது. என்ன செய்வது?

மைக்கை நகர்த்துங்கள், வேறெதையும் தொடாதீர்கள். ஸ்பீக்கரின் நடு மூடிக்கு நேராக எஸ்எம்57 மைக்கை வைத்திருப்பீர்கள். அந்த இடம்தான் ஸ்பீக்கரிலேயே கூர்மையானது, அந்த மைக்கும் 5, 6 கிலோஹெர்ட்ஸில் இயல்பாகவே தூக்கல். மூடி முடிந்து கோன் தொடங்கும் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். போதவில்லை என்றால் இன்னும் இரண்டு விரல் வெளியே. ஒருவர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்க, இன்னொருவர் மைக்கை மெல்ல நகர்த்தினால் சரியான இடம் சீக்கிரம் கிடைத்துவிடும். அங்கே தரையில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.